ஆட்டாங்கல் கேட்ட மகளுக்கு

கோயம்புத்தூர்
விஜயதசமி, காலை

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நேற்று ஆயுத பூஜை நல்லபடியாக முடிந்தது. பொரி, கடலை எல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து முடித்துப் படுக்கப் பதினோரு மணி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. மெல்போர்னில் புது வீட்டுக்குக் குடிபோகும்போது என் அம்மாவின், அதாவது உன் அமுச்சியின், ஆட்டாங்கல்லைக் கப்பலில் அனுப்ப முடியுமா என்று கேட்டாய். கூடவே, "அந்தக் காலத்துல எல்லாத்தையும் கையாலயே செஞ்சாங்க, நிம்மதியா இருந்தாங்க. இப்ப வீடு பூரா மெஷின், நிம்மதிதான் இல்ல" என்றாய். வேலை முடிந்து களைத்து வந்து சொன்ன பேச்சு. அதனால் எதிர்த்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவும் இல்லை. வாயால் சொன்னால் பாதியில் விட்டுவிடுவேன் என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

அந்தக் கல்லை நீ பார்த்ததெல்லாம் நம் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில், செம்பருத்திக்குப் பக்கத்தில், குழிக்குள் மழைத்தண்ணீர் தேங்கி, குருவி வந்து குடிக்கும் கோலத்தில்தான். நான் அதைப் பார்த்தது அன்னூர்ப் பக்கத்தில் உன் அமுச்சி வீட்டு ஆசாரத்தில். நான் பிறந்தது 1958. எனக்கு நினைவு தெரிந்த நாளில் அந்த வீட்டில் ஒன்பது பேர். அறுப்புக் காலத்தில் பண்ணையத்து ஆட்களும் சேர்ந்துகொள்வார்கள்.

ஒன்று சொன்னால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். தினமும் இட்லி என்பது எங்கள் வீட்டில் கிடையாது. கம்மஞ்சோறு, சோளச்சோறு, ராகிக்களி, இவைதான் சாப்பாடு. இட்லி தீபாவளிக்கு. இல்லையென்றால் ஏதாவது நோம்பிக்கு, மாப்பிள்ளை வந்தால், யாருக்காவது காய்ச்சல் வந்து எழுந்தால். அரிசி விலை ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்பது பேருக்கு அரிசியும் உளுந்தும் ஆட்ட ஒரு பெண்ணின் மதியம் முழுசும் வேண்டும். விடியும் முன்னே கம்பு இடித்து, கிணற்றில் தண்ணீர் சேந்தி, காட்டுக்குப் போய்க் களையெடுத்து வந்தவளுக்கு அப்படி ஒரு மதியம் வாரம் இரண்டு தடவை எங்கே கிடைக்கும்?

தீபாவளிக்கு முந்தின நாள் அமுச்சி மத்தியானம் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். முதலில் உளுந்து. அது பொங்கிப் பொங்கி வர வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து ஆட்ட வேண்டும். அதை வழித்துவிட்டு அரிசி. ஒரு கையால் குழவியைச் சுற்றுவார், அந்தக் கை ஓய்ந்தால் மறுகை. ஓரத்தில் ஏறும் மாவைக் குழிக்குள் தள்ளிவிடுவது பிள்ளைகள் வேலை. குழவி ஒரு சுற்று வந்து போகும் இடைவெளியில் விரலை விட்டு எடுக்க வேண்டும். என் இடது நடுவிரல் நகம் ஏன் இரண்டாகப் பிளந்து வளருகிறது என்று சின்ன வயசில் கேட்பாயே, அது ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் குழவிக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டியது. எனக்கு ஏழு வயசு. அமுச்சி மஞ்சளை வைத்துத் துணி சுற்றிவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மீதி மாவை ஆட்டினார். விட்டுவிட்டு எழுந்திருக்க முடியாது. ஊறின உளுந்து காத்திருக்காது.

உன் பெரியம்மா கதையை நான் உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. அவள் என்னைவிட மூன்று வயசு பெரியவள். படிப்பில் என்னைவிடக் கெட்டி. கணக்கில் எனக்கு வராததையெல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்கள். யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை கண்ணு. என் அப்பாவுக்கு, உன் அப்பிச்சிக்கு, படிப்பின் மேல் மரியாதை உண்டு. ஆனால் அமுச்சிக்கு அந்த வருஷம் தோள்பட்டை போய்விட்டது, கையைத் தூக்க முடியவில்லை. இடிக்கவும் ஆட்டவும் தண்ணீர் சேந்தவும் வீட்டுக்கு இரண்டு கை வேண்டியிருந்தது. பெரியம்மாவின் கை அதற்குப் போனது. அவள் கல்லைப் பிடித்ததால் நான் ஸ்லேட்டைப் பிடித்தேன். அவள் இதைப் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. போன மாதம் வந்திருந்தபோது கூட உன் பையனின் கணக்கு நோட்டை போனில் பார்த்து, விடை எழுதும் முன்னே மனசுக்குள் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அதனால்தான் "அந்தக் காலத்தில் நிம்மதி" என்று நீ சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்தது. இருந்த நிம்மதியை நான் மறுக்கவில்லை. கல்லைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து பேசின பேச்சும் சிரிப்பும் உண்மைதான். ஆனால் கை கட்டுண்டு கிடந்த நேரத்தில் வாயாவது பேசட்டும் என்று பேசின பேச்சு அது.

நம் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது 1984இல், நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால். ஆசிரியர் வேலையில் சேர்ந்து எனக்கு நாலு வருஷம் ஆகியிருந்தது. காலையில் சமையல், பள்ளிக்கூடம், வந்து ஆட்டாங்கல், அப்புறம் இரவுச் சமையல். நான் சீட்டு எடுத்தேன், அப்பா கொஞ்சம் போட்டார். என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் ஆனது. ஒரு டெம்போவில் வந்து இறக்கினார்கள், இரண்டு ஆள் தூக்க வேண்டிய கனம். மாவை வழிக்கச் சாய்க்கிற மாதிரியான பெரிய டில்டிங் கிரைண்டர், உனக்கு ஞாபகம் இருக்கும்.

அப்பாவின் அம்மாவுக்கு, உன் ஆத்தாவுக்கு, அது பிடிக்கவில்லை. மெஷினில் ஆட்டினால் இட்லி கல் மாதிரி இருக்கும், மாவு சூடேறிப் போகும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மிக்ஸியில் அரைத்துப் பார்த்தால் தெரியும். பிளேடு நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றி வெட்டும்போது மாவு சூடாகும், உளுந்தில் காற்றுப் பிடிக்காது. கிரைண்டர் அப்படி இல்லை. கல்லும் கல்லும் சேர்ந்து மெதுவாக நசுக்குவதுதான் அதன் வேலை, நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் சுற்றுத்தான் வரும். அன்றைக்கு நானும் ஆத்தாவும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆட்டாங்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். இதில் கல் சுற்றுகிறது, குழவி நின்ற இடத்திலேயே நிற்கிறது! யோசித்தவருக்கு எப்படித்தான் தோன்றியதோ. மாவுக்கு என்னவோ இரண்டும் ஒன்றுதான். ஆனால் குழவி நின்றுவிட்டதால் அதைப் பிடித்துச் சுற்றும் கை தேவையில்லாமல் போனது. மறுநாள் காலையில் ஆத்தா இட்லியைப் பிட்டுப் பார்த்தார், சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அவரே ஊறப்போட்டு, ஆட்டி, வழித்து வைத்திருந்தார்.

இந்த மெஷின் நம் ஊரில் பிறந்தது தற்செயல் இல்லை கண்ணு. அப்பாவோடு மில், பட்டறை என்று பேசிப் பேசித்தான் எனக்கு இது விளங்கியது. நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932இல் ஓட ஆரம்பித்தது. அந்தக் கரண்ட் கீழே இறங்கிவந்ததும் கோயம்புத்தூரில் பஞ்சு மில்கள் மளமளவென்று பெருகின. மில் இருந்தால் ரிப்பேர் பார்க்கப் பட்டறை வேண்டும், வார்ப்படம் வேண்டும், லேத் வேண்டும். அந்தப் பட்டறை அறிவில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இங்கேயே மின்மோட்டார் செய்தார்கள், இந்தியாவிலேயே முதலாவது. அப்புறம் கிணற்றுக்கெல்லாம் மோட்டார் போனது. ஏற்றம் இறைத்த ஆண்களின் தோளுக்கு முதலில் ஓய்வு கிடைத்தது. ஊரெல்லாம் மோட்டாரும் பட்டறையும், பக்கத்திலேயே கல் வேலை தெரிந்தவர்கள். இந்த மூன்றையும் சேர்த்து 1955இல் சபாபதி என்பவர் மாவாட்டும் மெஷினைச் செய்தார். இன்றைக்குக் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆண்கள் இறைக்கும் தண்ணீருக்கு மோட்டார் வந்துவிட்டது, பெண்கள் ஆட்டும் மாவுக்கு ஏன் வரக்கூடாது என்று அந்த மனுஷனுக்குத் தோன்றியதா, வேறு என்ன நினைத்தாரோ எனக்குத் தெரியாது. எப்படித் தோன்றியிருந்தாலும் அவரை நான் கும்பிடுகிறேன்.

கேஸ் அடுப்பு, குக்கர், குழாயில் வந்த சிறுவாணித் தண்ணீர், 1991இல் வாங்கின ஃபிரிட்ஜ், இவற்றையெல்லாம் பற்றித் தனித்தனியாக எழுதினால் நோட்டு பத்தாது. குக்கரைப் பற்றி மட்டும் ஒரு வரி. ஆவியை உள்ளேயே அடக்கி, தண்ணீரை 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரி வரைக்கும் கொதிக்க வைக்கிறது, அவ்வளவுதான் அதன் ரகசியம். ஒரு மணி நேரம் விறகை ஊதிக்கொண்டு வேக வைத்த கொள்ளு நாலைந்து விசிலில் வெந்துவிடும். அமுச்சிக்குக் கடைசிக் காலம் வரை இருந்த இருமல் ஊதாங்குழலும் புகையும் கொடுத்தது. நம் வீட்டில் உனக்கு அந்தப் புகை எப்படி இருக்கும் என்றே தெரியாது. தெரியாமல் வளர்ந்தாயே, அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

கிரைண்டர் கொடுத்த நேரத்தை நான் என்ன செய்தேன் என்று கேள். நீ தூங்கும் குழந்தையாக இருந்தபோது அஞ்சல்வழியில் எம்.ஏ. சேர்ந்தேன். ராத்திரி எட்டரை மணிக்கு அரிசியைப் போட்டுவிட்டு, சமையலறை வாசலில் பலகையைப் போட்டுப் புத்தகத்தை விரிப்பேன். ஒரு கண் மாவின் மேல், ஒரு கண் பாடத்தின் மேல். மெஷின் ஓடும் சத்தத்தில்தான் நீ நன்றாகத் தூங்குவாய். நிறுத்தினால் எழுந்துகொள்வாய் என்று பயந்து, மாவை வழித்த பிறகும் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டிருக்கிறேன். அந்தப் படிப்பால்தான் மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றினார்கள், அந்தச் சம்பளம்தான் உன் காலேஜ் பீஸ்.

நேற்று சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்லில் ஒரு தடவை ஆட்ட ஒன்றரை மணி நேரம், வாரம் இரண்டு தடவை. வருஷத்துக்கு 156 மணி நேரம். நாற்பது வருஷத்துக்கு 6,240 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பிரித்தால் 780 நாள் வருகிறது. ஒரே ஒரு பெண்ணுக்கு, இரண்டு வருஷத்துக்கு மேலே! அதுவும் மாவு ஆட்டும் வேலை ஒன்றுக்கு மட்டும். இப்போது இருக்கும் டேபிள் டாப் கிரைண்டருக்கு 150 வாட் போதும், ஒரு தடவைக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் ஒரு யூனிட் கரண்டில் பதின்மூன்று தடவை ஆட்டலாம்.

2012இல் கரண்ட் இல்லாமல் தவித்த காலம் உனக்குத் தெரியும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கூடப் போகும். ஒரு நாள் அரிசியும் உளுந்தும் ஊறிக் கிடந்தது, மறுநாள் அப்பாவின் தங்கை வீட்டார் வருகிறார்கள். சரி, கல்தான் இருக்கிறதே என்று செம்பருத்தியடியில் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அப்போது எனக்கு 54 வயசு. உளுந்து பாதிகூட மசியவில்லை, பதினைந்து நிமிடத்தில் கை விட்டுப்போனது. குழவியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அமுச்சி இதே வயசில் இதே கல்லில் தீபாவளிக்கு ஆட்டியிருக்கிறாரே என்று நினைத்ததும் அழுதுவிட்டேன். இருந்த நாளில் ஒரு தடவையாவது அந்தத் தோளைப் பிடித்துவிட்டிருக்கலாம். கரண்ட் வந்து, உள்ளே விளக்கு எரிந்ததும் அப்பாதான் வந்து கையைப் பிடித்துத் தூக்கினார்.

நமக்கு எதிர்வீட்டு லைன் வீட்டில் சத்துணவில் வேலை பார்த்த அம்மா இருந்தாரே, அவர் வீட்டுக்கு அதற்குக் கொஞ்சம் முன்பின்தான் கிரைண்டர் வந்தது. 2011இல் அரசு ஆரம்பித்த திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் கொடுத்தார்கள். இலவசம் கொடுத்து மக்களைக் கெடுக்கிறார்கள் என்று அப்போது பேசாத ஆள் இல்லை, நம் சொந்தக்காரர்களும் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. தன் வீட்டில் பத்து வருஷமாகக் கிரைண்டர் ஓடும் ஆள், அடுத்த வீட்டுப் பெண் கையால் ஆட்டட்டும் என்று எப்படிச் சொல்லலாம்? அந்த அம்மா அதில் முதலில் தன் வீட்டுக்கு ஆட்டினார். அப்புறம் வேலைக்குப் போகும் இரண்டு மூன்று வீட்டுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுத்தார். இன்றைக்குப் பெரிய மெஷின் போட்டு, சாயங்காலம் கடைகளுக்குப் பாக்கெட் போடுகிறார். மகள் நர்சிங் முடித்துவிட்டாள்.

வருத்தமும் ஒன்று உண்டு. "அம்மி கொத்தலையோ, ஆட்டாங்கல் கொத்தலையோ" என்று உளியும் சுத்தியுமாகத் தெருவில் வருவார்களே, அந்தக் குரல் குறைந்துவிட்டது. பரம்பரையாகச் செய்த தொழில் கையை விட்டுப் போனவர்களுக்கு அது லேசான விஷயம் இல்லை. கிரைண்டர் கல்லும் தேயும், அதையும் கொத்தத்தான் வேண்டும். எப்போதாவது ஒருவர் வந்தால் நான் அவசியம் இல்லாவிட்டாலும் கொத்தக் கொடுத்துவிடுவேன். டீயும் கொடுப்பேன்.

சரி, நீ களைத்துப் போகிறாயே, அதற்கு என்ன என்று கேட்பாய். போனும் கம்ப்யூட்டரும் உன் ராத்திரியைத் தின்கின்றன என்பது எனக்குத் தெரிகிறது. மிச்சமான நேரத்தை யாரோ பிடுங்கிக்கொண்டால் அவர்களிடமிருந்து திரும்ப வாங்கப் பார், கண்ணு. சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டால் எடுக்காதே. அதற்காகக் கல்லுக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை. அந்தப் போன்தான் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் உன் முகத்தை என் சமையலறை மேடையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அப்பிச்சி இறந்த சேதி எனக்குத் தந்தியாக வந்து, நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். ஆத்தா போனபோது நீ அங்கிருந்தபடியே முகத்தைப் பார்த்தாய், "ஆத்தா" என்று கூப்பிட்டாய். அவர் கண்ணைத் திறந்து போனைப் பார்த்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

நேற்று ஆயுத பூஜைக்கு அப்பா ஸ்கூட்டருக்கும் டூல்ஸ் பெட்டிக்கும் பொட்டு வைத்தார். நான் வழக்கம்போலக் கிரைண்டரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூப் போட்டேன். ஆத்தா ஆரம்பித்து வைத்த பழக்கம் அது. மெஷின் வேண்டாம் என்றவர்தான் அடுத்த வருஷமே அதற்கு முதல் பொட்டு வைத்தார். இந்தத் தடவை வெளியே போய் ஆட்டாங்கல்லுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தேன். அது இங்கேயே இருக்கட்டும். அமுச்சியையும் பெரியம்மாவையும் அறிந்த கல், கண்டெய்னரில் போய்ப் புது வீட்டு வரவேற்பறையில் அழகுக்கு நிற்க வேண்டாம். நீ வரும்போது பையனை அதன் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு கைப்பிடி உளுந்து போட்டுச் சுற்றச் சொல்லுவோம். பெரியம்மாவையும் வரச் சொல்கிறேன்.

உனக்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர் வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டு லிட்டர். அடுத்த மாதம் அப்பாவின் நண்பர் மகன் மெல்போர்ன் வருகிறான், கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். அங்கேயும் நம் ஊர் மாதிரி 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். வந்ததும் நேராக இட்லிக்கு ஆட்டிவிடாதே. புதுக் கல்லில் பொடி இருக்கும். முதலில் ஒரு டம்ளர் அரிசியைக் கொஞ்சம் கல்லுப்போடு பத்து நிமிடம் ஓடவிட்டு, அந்த மாவைக் கொட்டிவிடு. இன்னொரு தடவையும் அப்படியே செய். கழுவின தண்ணீர் தெளிவாக வந்த பிறகு உளுந்தைப் போடு.

அன்புடன்,
அம்மா